புல்வெட்டி இன்ஜினுக்கு ஒரு சைலன்சர்

என் வீட்டுக்காரருக்குக் கண்ணில் ஏதோ கோளாறு. அவர் பார்க்கும் வேலை பஸ் ஓட்டுவது. இந்த இரண்டையும் மனதில் சேர்த்து வைத்துக்கொண்டு எவளால் நிம்மதியாக உட்கார முடியும்? என்னால் முடியவில்லை. கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவினேன். அண்ணன் கடையில் லேத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, எதைக் கடையப் போகிறோம் என்பதை மறந்து நின்றேன்.

போன மாதம் ஒரு நாள் அவர் ஓட்டின பஸ்ஸிலேயே ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒரு பெரியவர் சாலையைக் கடந்துகொண்டிருந்தார். நான் பார்த்தேன், பக்கத்து சீட்டுக்காரி பார்த்தாள், பஸ்ஸில் பாதிப்பேர் பார்த்தார்கள். பிரேக் மட்டும் விழவில்லை. எல்லோருமாகக் கத்தின பிறகுதான் விழுந்தது. பெரியவர் கைத்தடியை ஓங்கிக் காட்டித் திட்டிவிட்டுப் போனார். “திடீர்னு ஓடி வந்துட்டார்” என்றார் இவர். கைத்தடி ஊன்றி நடக்கிறவர் எங்கே ஓடுவது?

அன்றைக்கே ஆரம்பித்தேன். “கண் டாக்டர்கிட்ட ஒரு நடை போயிட்டு வந்துடலாங்க.”

“எதுக்கு? என் கண்ணுக்கு என்ன கேடு?”

“உங்களுக்குத்தான் தெரியணும்.”

“ஞாயித்துக்கிழமை நீயும்தானே மைதானத்துல நிக்கற? அவ்வளவு உசரத்துல பறக்கற ப்ளேனை நான் எங்க இறக்கறேன்? கால் வைக்கச் சொன்ன இடத்துல இறக்கறேன். கண்ணு தெரியாதவன் செய்யற காரியமா அது?”

அவர் சொல்வது அத்தனையும் உண்மை. ரிமோட்டில் ஓடும் மாடல் விமானத்தை அவர் போல இறக்க அந்த மைதானத்தில் ஆள் இல்லை. அந்த விமானத்துக்கு இன்ஜின் பொருத்திக் கொடுத்தவளே நான்தான். என் கையால் செய்ததையே எனக்கு எதிராகச் சாட்சிக்குக் கூப்பிட்டால் நான் என்ன பேச?

என் அண்ணன் தோட்டக் கருவிகள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். லேத் வேலை என்னுடையது. தோளில் மாட்டிக்கொண்டு, நைலான் நரம்பைச் சுழற்றிப் புல் வெட்டுவார்களே, அந்த மிஷின்கள்தான் எங்களுக்கு அதிகம் வரும். தண்டு வளைந்து, தலை உடைந்து, உரியவர்கள் திரும்ப எடுத்துப் போகாதவை ஒரு மூலை நிறையக் கிடக்கும். இன்ஜின் மட்டும் கல்லு மாதிரி நன்றாக இருக்கும். வருடத் தொடக்கத்தில் இவர் அந்த மூலையைக் காட்டி, “இதுல ஒண்ணை எனக்கு ப்ளேன் இன்ஜினா மாத்திக் குடு” என்றார். அதுவரை பேட்டரியில் ஓடும் விமானங்கள்தான் வைத்திருந்தார். அடுத்தடுத்து இரண்டு மண்ணைக் கவ்வியிருந்தன. ஒன்றுக்கு பேட்டரி மேல் பழி போட்டார், இன்னொன்றுக்குக் காற்றின் மேல்.

சொல்வது சுலபம். இழுத்து ஸ்டார்ட் செய்யும் கயிறும் அதன் மூடியும் போக வேண்டும். கிளட்சைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ப்ரொப்பெல்லரைப் பிடித்துக்கொள்ள அலுமினியத்தில் ஒரு குமிழ் கடைந்து பூட்ட வேண்டும். பிளக்குக்கு நெருப்புக் கொடுக்கும் காந்தம் ப்ளைவீல் என்கிற கனத்த சக்கரத்தில் இருப்பதால் அதை வைத்துக்கொண்டே, சுற்றியிருக்கும் விசிறிப் பற்களைச் சீவி எடை குறைக்க வேண்டும். சீவினதில் ஒரு பக்கம் கனம் கூடிவிட்டால் போச்சு, இன்ஜின் ஆடுகிற ஆட்டத்தில் விமானத்தின் ஆணி எல்லாம் தானே கழன்றுகொள்ளும். முதல் ப்ளைவீலை நான் பாழாக்கினேன். இரண்டாவது அமைந்தது. இவர் இறக்கை நீளத்தைக் கூட்டி, சோபா நீளத்துக்கு ஒரு மஞ்சள் விமானம் செய்து அதில் இன்ஜினை ஏற்றினார். அது கிளம்பும்போது போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் கூப்பிடுவது கேட்காது.

அந்தச் சத்தம்தான் வம்புக்கு வந்தது. மைதானத்தை ஒட்டிக் குடியிருப்பவர்கள் புகார் செய்துவிட்டார்கள். பறக்க விடுகிற குழுவுக்குச் செயலாளர் ஒருவர் உண்டு. சத்தம் அளக்கிற கருவியைக் கழுத்தில் தாலி மாதிரி தொங்கவிட்டுக்கொண்டே திரிவார். அவருக்கு டெசிபல் என்றுதான் பெயர், பெற்றவர்கள் வைத்தது யாருக்கும் ஞாபகமில்லை. டெசிபல் இவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: வரும் ஞாயிற்றுக்கிழமை அளந்து பார்ப்போம், அளவுக்கு மேல் போனால் மஞ்சள் விமானத்துக்கு இந்த மைதானத்தில் இடமில்லை.

“நல்லதாப் போச்சு, பெரிய சைலன்சரா ஒண்ணு செஞ்சு மாட்டிடறேன்” என்றேன்.

சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் சுருங்கிப்போனது. “வேணாம். இன்ஜினோட தெம்பு போயிடும்.”

“கொஞ்சூண்டு குறையும். நிமிஷத்துக்கு எத்தனை சுத்துன்னு எண்ணிப் பார்த்துச் சொல்றேனே.”

“இருந்தாலும் வேணாம். சும்மா பேருக்கு ஒரு குழாயை மாட்டு, போதும்.”

சிக்னலில் மஞ்சள் விழுந்தாலே நிற்கிற மனுஷன். பஸ்ஸில் பாட்டு வைக்கக்கூடாது என்றால் சீட்டி கூட அடிக்காத மனுஷன். சத்தம் வேண்டுமென்று எதற்கு இப்படி அடம் பிடிக்கிறார்? எனக்கு எரிச்சலாக வந்தது. அண்ணனிடம் புலம்பினேன். “ஆம்பளைக்குச் சத்தம் இருந்தாத்தான் கெத்து. மாப்ளைய விடு” என்றான். அவனிடம் போய்ச் சொன்னேனே, என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலம் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கும் இன்ஜினுக்கும் நடுவில் வைக்கிற கேஸ்கட்டை அட்டையில் புதிதாக வெட்டி மாட்டினேன். கை வேலை செய்ததே தவிர மனசு அந்தச் சாம்பல் சட்டைக்காரர் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. இன்ஜினை பெஞ்சில் கட்டிவிட்டுச் சுற்றினேன். பிடித்துக்கொண்டது. நாலு மூச்சு ஓடிவிட்டு அணைந்தது. மறுபடி சுற்றினேன், அதே கதை. பிளக்கைப் பார்த்தேன், டேங்கைப் பார்த்தேன், ஒன்றும் புரியாமல் ஸ்பானரை விட்டெறிந்தேன்.

நான் சுற்றிக்கொண்டிருக்கும்போதே இவர் டியூட்டி முடிந்து கடை வாசலில் வந்து நின்றிருக்கிறார். உள்ளே கூட வரவில்லை. இன்ஜின் அவருக்கு முதுகு காட்டிக்கொண்டிருந்தது.

“கேஸ்கட்ல சின்ன ஓட்டைய விட்டுட்ட” என்றார்.

கழற்றிப் பார்த்தேன். விட்டுத்தான் இருந்தேன். பிஸ்டன் ஏறி இறங்கும் காற்றுத்துடிப்பு அந்த ஊசிமுனை ஓட்டை வழியாகப் போனால்தான் கார்புரேட்டர் பெட்ரோலை இழுக்கும். ஓட்டை இல்லையென்றால், உள்ளே இருக்கிற சொட்டு தீர்ந்ததும் உயிர் போய்விடும். இத்தனை வருடத்தில் நான் செய்யாத தப்பு. ஆனால் எனக்கு வெட்கம் வரவில்லை. வாசலில் நின்றபடியே அவருக்கு எப்படித் தெரிந்தது?

இந்த மனுஷன் காதால் பார்க்கிறார்.

விமானம் நம் பக்கம் வந்தால் சத்தம் கூர்மையாகும், விலகினால் மழுங்கும். ஏறும்போது இன்ஜின் முக்கும், இறங்கும்போது கதறும். பஸ் இன்ஜினோடு இருபது வருடம் குடும்பம் நடத்தின காதுக்கு இது போதும். கடைக்கண்ணில் ஒரு மஞ்சள் தீற்றல் தெரிந்தால் மீதியைச் சத்தம் சொல்லிவிடும். அதனால்தான் சத்தமில்லாத பேட்டரி விமானங்கள் விழுந்தன. அதனால்தான் புல்வெட்டி இன்ஜின் கேட்டார். மைதானத்தில் அவர் கோழி மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பதை ஸ்டைல் என்று நினைத்து நான் ரசித்திருக்கிறேனே!

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரியும். சிரித்து மழுப்புவார், காலையில் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதனால் வாயை மூடிக்கொண்டு சைலன்சர் செய்தேன். பேருக்கு ஒரு குழாய் இல்லை. உள்ளே துளை போட்ட குழாய், அதைச் சுற்றி இரண்டு அறை, இன்ஜின் உட்காரும் இடத்தில் ரப்பர், வேகம் குறைத்துச் சுற்றும் பெரிய ப்ரொப்பெல்லர். வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக ஒரு வேலையை நான் செய்ததில்லை, செய்யும்போது இவ்வளவு அழுததும் இல்லை. கட்டினவனைக் குழியில் தள்ளுவதற்குக் கடைசல் வேலை பார்க்கிறோமே என்று ஒரு நேரம் தோன்றும். அடுத்த நேரம் பஸ்ஸின் மூக்குக்கு முன்னால் யாரோ நடப்பது தெரியும். மறுபடி லேத்தை ஓட விடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் காட்டினேன். தொட்டுப் பார்த்தார். கை ஒரு நிமிடம் அதன் மேலேயே இருந்தது.

“இவ்வளவு பெருசு எதுக்கு?”

“டெசிபல் வாயை அடைக்கத்தான்” என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது!

மைதானத்தில் நாங்கள், அண்ணன், டெசிபல், வேறு யாருமில்லை. அவர்கள் இரண்டு பேரையும் மைதானத்து ஓரத்துப் பாதுகாப்பு வலைக்குப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் இவர் பக்கத்தில் நின்றேன். விமானம் புல்லில் ஓடி எழும்பியது. தையல் மிஷின் ஓடுகிற அளவுக்குத்தான் சத்தம். டெசிபல் கருவியைப் பார்த்து, பார்த்து, தட்டிப் பார்த்தார். “அடேங்கப்பா, இது ஓடுதா இல்லையா?” என்றார். அண்ணன் கை தட்டினான்.

இவர் தலையைச் சாய்த்தார். முதல் சுற்று ஒழுங்காக வந்தது. அது உள்ளங்கைக்குப் பழகின சுற்று. இரண்டாவது சுற்றில் எதிர்க்காற்று அடித்தது. மைதானத்து மரங்கள் எல்லாம் இரைந்ததில் இருந்த கொஞ்ச சத்தமும் போய்விட்டது. விமானம் ஒரு பக்கம் சரிந்து, குடியிருப்பு இல்லாத வெட்டவெளிப் பக்கம் விலகிக்கொண்டே போனது. ரிமோட்டில் அவர் கட்டைவிரல் அசையவில்லை. உதட்டுக்கு மேல் வேர்வை துளிர்த்தது. முகத்தில் மட்டும் பழைய சிரிப்பை அப்படியே பிடித்து வைத்திருந்தார்.

விமானம் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவோமா என்று வாய் திறந்தேன். சொல்லிவிட்டால் இறக்கிவிடுவார், இறக்கிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் அவரை வெறுத்தேன், என்னையும் வெறுத்தேன்.

“எங்க இருக்கு?” என்றார். எனக்கு மட்டும் கேட்கிற குரல்.

நான் இதற்காகத்தான் ஒரு வாரம் தூங்காமல் உழைத்தேன். கேட்டதும் நெஞ்சு உடைந்துபோனது.

“நேர் எதிர்ல, மரத்துக்கு மேல. நம்மளவிட்டு விலகிப் போகுது. வலது றெக்கை இறங்கியிருக்கு.”

விரல் அசைந்தது. “இப்ப?”

“நேராயிடுச்சு. இடது பக்கமா திருப்புங்க. இன்னும். போதும் போதும். இப்ப நம்மளப் பார்த்து வருது.”

“உசரம்?”

“மாடி வீட்டு உசரம். இறக்குங்க. மெதுவா. அய்யோ, மெதுவா!”

சக்கரம் தரையில் மோதி, துள்ளி, மூக்குக் குத்தி நின்றது. ப்ரொப்பெல்லர் சிதறியது. வலைக்குப் பின்னாலிருந்து அண்ணன் கத்தினான்: “மாப்ளே, என்ன இன்னைக்கு இறக்கம் பலமா இருக்கு?” டெசிபல் கருவியைத் தூக்கிக் காட்டி, “பாஸ்! பாஸ்!” என்று குதித்தார். யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் விமானத்தை எடுக்க நடந்தோம். அவர் சிதறின துண்டுகளைத் தேடுகிற மாதிரி குனிந்தார். எல்லாவற்றையும் நான்தான் பொறுக்கினேன்.

“நடுவுல மட்டும்தான் ஒரு புகை” என்றார். “ஓரமெல்லாம் நல்லாத்தான் தெரியுது.” சைலன்சர் பக்கம் கை காட்டி, “வேணும்னுதானே செஞ்ச?” என்றார்.

“ஆமா.”

“சத்தம் மட்டும் இருந்திருந்தா ஒரு கீறல் இல்லாம இறக்கியிருப்பேன்.”

“இறக்கியிருப்பீங்க. எனக்குத் தெரியாதா?” பொறுக்கின துண்டுகளைப் புல்லில் போட்டேன். “பஸ்ஸுக்குக் குறுக்க வர்ற குழந்தை என்ன, இன்ஜின் மாட்டிக்கிட்டா வரும்?”

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட்டிருந்தால் எனக்கும் தெம்பாக இருந்திருக்கும். விமானத்தின் பக்கத்தில் புல்லிலேயே உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, முகத்துக்கு நேராக வைத்து, பிறகு பக்கவாட்டில் தள்ளி வைத்து, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் என்னிடம் நீட்டினார்.

“டிப்போ மேனேஜர் நம்பரைப் போட்டுக் குடு. நானே பேசறேன்.”

போட்டுக் கொடுத்தேன்.

“சார், நாளைக்குக் காலை வண்டிக்கு வேற ஆளைப் போடுங்க” என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். “இல்ல சார், ஒரு நாள் லீவு இல்ல” என்றார். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். “எனக்குக் கண்ணு தெரியல சார்.”