பெலிண்டா டீச்சருக்காக ஒரு வேண்டுதல்

“பூட்டைத் தொறங்கம்மா.”

“தொறக்குறதுக்கா பூட்டுனேன்?” என்று ரோசரி கேட்டது ஸ்ரீரங்கத்துக் கலைக்கூடம் முழுக்கக் கேட்டது.

காவலாளி இம்தியாஸ் சாவியைக் கேட்டார். கீழே இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டாயிற்று என்றாள். அப்படியானால் அறுக்கத்தான் வேண்டும் என்று அவர் சொல்ல, அறுத்துத்தான் பாருங்களேன் என்று குறுக்கே நின்றுகொண்டாள். ரயில்வேயில் எத்தனையோ பஞ்சாயத்தைத் தீர்த்துவைத்த அவள் கணவர் சவரிராயன், சுவரில் மாட்டியிருந்த ஓர் ஓவியத்தை அன்றைக்குத்தான் அப்படி ஆழ்ந்து பார்த்தார்.

வந்ததென்னவோ பெண் பார்க்கும் விஷயமாக. வீட்டில் கேசரி கிண்டிப் பெண்ணை உட்காரவைப்பதெல்லாம் பழைய காலம், பொது இடத்தில் நாசூக்காகச் சந்திக்கலாம் என்றவர் தில்லை நகர் பெலிண்டா டீச்சர். அவர் மகன் ஜோஸுக்குப் புனேயில் வேலை. ரோசரியின் மகள் லின்சிக்கு இதற்கு முன் வந்த இரண்டு இடமும் ‘சொல்லி அனுப்புறோம்’ என்று போனவை. எடமலைப்பட்டி புதூரில் அது தெரியாத வீடு இல்லை. இதுவும் தட்டிப்போனால் தெருவில் தலைகாட்ட முடியாது என்று ரோசரிக்குத் தூக்கமே இல்லை. வேளாங்கண்ணிக்குப் போய் மாட்டுவதற்கென்று புதுப் பூட்டு வாங்கிக் கைப்பையிலேயே வைத்திருந்தாள். சங்கிலியில் பூட்டி, வேண்டிக்கொண்டு, சாவியை அங்கேயே விட்டுவிட வேண்டும். காரியம் ஆகுமுன் திறந்தால் வேண்டுதல் வீண்.

கலைக்கூடத்தின் கடைசி அறை அரையிருட்டு. மேலிருந்து தொங்கும் சங்கிலிகள், அவற்றில் கொத்துக்கொத்தாகப் பூட்டுகள், நடுநடுவே குட்டி மரத்தொட்டில்கள், கீழே சாவிகள் நிறைந்த கண்ணாடிப் பெட்டி. இளவேனில் என்ற சிற்பியின் படைப்பு, தொடாதீர்கள் என்று பலகை சொன்னது. பலகையை யார் பார்த்தார்கள்? மாதாவே தேடி வந்துவிட்டாள் என்று ரோசரி செருப்பைக் கழற்றிவிட்டு முட்டி போட்டாள்.

பூட்டியதோடு விட்டிருக்கலாம். மனசுக்குள் வேண்டும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

“மாதாவே, இந்தப் பையனே அமையணும். பையன் தங்கம். அவங்கம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் நல்ல மனசக் குடு தாயே.”

சங்கிலிகளுக்கு அந்தப் பக்கம் நின்று சிற்பத்தை ரசித்துக்கொண்டிருந்தவர் பெலிண்டா டீச்சர்.

“இது கோயில் இல்லைங்க, ஆர்ட்டு” என்றார், இந்தப் பக்கம் வந்து.

“ஆர்ட்டுன்னா மாதா வரக் கூடாதா டீச்சர்?”

லின்சி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து அருகில் போன ஜோஸ், அவள் சிரிப்பை அடக்க முடியாமல் திணறுவதைப் பார்த்துத் தானும் சிரித்துவிட்டான். அவன்தான் கலைக்கூட அலுவலகத்தில் நம்பர் வாங்கி இளவேனிலுக்கு போன் செய்தவன். வேண்டுதலைக் கேட்டதும் அந்தச் சிற்பி, பூட்டு அது பாட்டுக்கு இருக்கட்டும், யாரும் தொட வேண்டாம் என்று இம்தியாஸிடமே சொல்லிவிட்டாள்.

பூட்டு பிழைத்தது. சம்பந்தம்? டீச்சரின் உதடு சொல்லப்போவது ரோசரிக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை. அவர் வாயைத் திறப்பதற்குள், ரங்கநாதரைச் சேவித்துவிட்டுச் சும்மா எட்டிப்பார்க்க வந்திருந்த லால்குடிப் பெண்கள், வேண்டுதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அறைக்குள் கூடிவிட்டார்கள். அதில் ஒருத்தி டீச்சரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பையனோட அம்மா இவங்கதானா? மனசு வந்துருச்சாங்க?”

அறையே டீச்சரைப் பார்த்தது. இப்போது முடியாது என்று சொன்னால் யாரும் மாதாவைக் குறைசொல்லப்போவதில்லை. டீச்சர் புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். மகனைப் பார்த்தார், அவன் இன்னும் லின்சியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“ஈஸ்டர் முடிஞ்சதும் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிடலாங்க” என்றார்.

சவரிராயன் அப்போதுதான் ஓவியத்தை விட்டுத் திரும்பினார்.

மே மாதம் கல்யாணம். ஜோஸும் லின்சியும் புனேக்குப் போனார்கள். கிறிஸ்துமஸுக்குள் டீச்சரும், தனியாக இருக்கப் பிடிக்கவில்லை என்று, பெட்டி படுக்கையோடு அங்கேயே போய்விட்டார். அந்த நல்ல மனசு எந்த ஊரில் இருக்க வேண்டும் என்று ரோசரி வேண்டிக்கொள்ளவில்லை. தில்லை நகர் வீட்டில் இப்போது ஒரு பல் டாக்டர் குடியிருக்கிறார்.