அக்காள் பெயரில் ஆறாம் வகுப்பு

கமலேஸ்வரி டீச்சர் வரவு இடாப்பைத் திறந்து "நாகலெட்சுமி" என்று கூப்பிட்டால், அது தன்னைத்தான் என்று ராக்காயிக்கு உறைக்க இரண்டு தடவையாவது கூப்பிட வேண்டும்.

"ஏன் பிள்ளை, உனக்குக் காது கேக்காதோ?" என்பார் டீச்சர். யாழ்ப்பாணத்துப் பேச்சு. வகுப்பு சிரிக்கும். காதெல்லாம் நன்றாகத்தான் கேட்டது. பெயர்தான் அவளுடையதில்லை.

நாகலெட்சுமி அவளுடைய அக்காள். இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். செத்ததைத் தோட்டத்து ஆபீசில் சொன்னால் அவளுடைய அரிசிப் பங்கை வெட்டிவிடுவார்கள் என்று அப்பா சோலைமலை வாயை மூடிக்கொண்டார். தேயிலை மலை ஓரத்தில் புதைத்ததை வரிசை வீடுகளான லயமே பார்த்தது; யாரும் மூச்சுவிடவில்லை. மூச்சுவிட யாருக்கு யோக்கியதை? பாதி வீடுகளில் அப்படியொரு பிள்ளை பேரேட்டில் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது.

அடுத்த வருஷம் ராக்காயி பிறந்தாள். கொழுந்து மலிந்த மாதம். பிறப்பைப் பதிய யாருக்கும் நேரமில்லை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வாய்ச்சொல்லாகக் கேட்டுப் பேரேட்டில் பெயரை எழுதிக்கொண்டதோடு சரி. அவள் உடம்பில் ஓடியதில் பாதி அக்காளின் அரிசி.

பன்னிரண்டு வயதில் டவுன் பள்ளிக்கூடத்தில் பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். தகரப் பெட்டியில் அக்காளுடையது ஒன்றுதான் இருந்தது. அதில் மூன்று வயது கூடியிருந்தும், தோட்டத்துப் பிள்ளைகள் பிந்திப் படிப்பது வழக்கம் என்று யாரும் கேட்கவில்லை.

"ஸ்கூல்ல நீ நாகலெட்சுமி. வீட்டுக்கு வந்தா ராக்காயி. அம்புட்டுதான்," என்றார் அப்பா.

அம்புட்டோடு முடியவில்லை. வெளியில் வாய் தவறிவிடக் கூடாது என்று அம்மா அழகம்மா வீட்டிலும் அந்தப் பெயரைச் சொல்லிப் பழகினாள். பழகப் பழக அவள் குரல் மாறியது. "நாகலெட்சுமி, தலைய வாரிக்க வா தாயி." பன்னிரண்டு வருஷத்தில் ராக்காயியை அவள் ஒரு நாளும் தாயி என்று கூப்பிட்டதில்லை. ராக்காயிக்கு வயிறெரிந்தது. ஆனாலும் தலையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம். ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் வகுப்புக்குள்ளேயே வந்து நின்றது. டீச்சர் பிற்பகல் இடாப்புக் கூப்பிட்டார். இன்றைக்கு முதல் தடவையிலேயே பதில் சொல்லிவிடுவது என்று ராக்காயி தயாராக இருந்தாள்.

"நாகலெட்சுமி."

அவள் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து பதில் வந்தது. "இருக்கேன் டீச்சர்."

பேசப் பழகும் குழந்தையின் மழலை. டீச்சர் நிமிராமலே அடையாளம் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். ராக்காயி திரும்பினாள். கடைசி வாங்குப் பலகை காலியாக இருந்தது. ஊறவைத்த அரிசியின் வாசம் மட்டும் வந்தது.

அந்த வாரமே கணக்கப்பிள்ளை லயத்துக்கு வந்தார். ஆபீசில் தலைகளை எண்ணிச் சரிபார்க்கச் சொல்லிவிட்டார்களாம்.

"சோலமல, ரெண்டு பொம்பளப் புள்ள பேரு இருக்கு. ஒன்னுதான நிக்குது?"

அப்பா தரையைப் பார்த்தார். நாகலெட்சுமியின் பேரை வெட்டினால் பள்ளிக்கூடம் போய்விடும்.

"சின்னவ போயிட்டாங்க ஐயா. ராக்காயி."

கணக்கப்பிள்ளை பேனாவால் ஒரு கோடு இழுத்தார். அவருக்காகக் கொஞ்சம் கண்ணைக் கசக்கினால் போதும் என்றுதான் அம்மா ஆரம்பித்திருப்பாள். ஆனால் மாரில் அடித்துக்கொண்டு நிஜமாகவே ஒப்பாரி வைத்தாள். காதோர மச்சத்தைச் சொல்லி அழுதாள். கருவாட்டுக்கு அடம்பிடித்ததைச் சொல்லி அழுதாள். அத்தனையும் ராக்காயியுடையவை. வாசல்படியில் நின்று தன் ஒப்பாரியைத் தானே கேட்ட பிள்ளை, தன் காதோரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. கணக்கப்பிள்ளை போன பிறகும் அம்மா நிறுத்தவில்லை. கடைசியில் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து, "வா தாயி, நீயாச்சும் எனக்கு இருக்கியே," என்று அவளைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானமும் அதே மூட்டம். எல்லாரும் போனபின் டீச்சர் அவளை மட்டும் நிறுத்தினார். கையில் அவளுடைய கொப்பி இருந்தது.

"கடைசிப் பக்கம் முழுக்க ராக்காயி, ராக்காயி எண்டு எழுதி வைச்சிருக்கிறாய். பயப்பிடாதை பிள்ளை. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். இடாப்பைத் திருத்த ஒரு வழி பாப்பம். உன்ரை சொந்தப் பேர் என்ன?"

இத்தனை நாளில் ஒருவரும் கேட்காத கேள்வி. பதில் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சொல்லிவிட்டால் படிப்பு நிலைத்தாலும் நிலைக்கும். ஆனால் வீட்டில் தாயி என்று கூப்பிட யார் இருப்பார்கள்?

"நாகலெட்சுமிதாங்க டீச்சர்."

"அப்ப ராக்காயி ஆர்?"

"தங்கச்சிங்க. செத்துப்போச்சு."

கடைசி வாங்கில் யாரோ விம்மினார்கள். இந்த முறை மழலை இல்லை. பன்னிரண்டு வயதுக் குரல். டீச்சர் திடுக்கிட்டு நிமிர்ந்து மூட்டத்துக்குள் பார்த்தார்.

"ஆர் பிள்ளை அது, பின்னுக்கு நிண்டு அழுறது?"

அவள் திரும்பவில்லை. திரும்பினால் அந்தக் காதோர மச்சத்தைப் பார்க்க வேண்டிவரும்.