நானூற்றுப் பன்னிரண்டாம் எண் வாசகரின் கருத்து

அந்த நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புத்தகத்தைத் திருப்பித் தருகிறவரோ தவணையை நீட்டிக்கிறவரோ, பின்னட்டையின் உட்புறம் ஒட்டியிருக்கும் தாளில் ஒரு வரியாவது கருத்து எழுத வேண்டும். இல்லையென்றால் நூலகர் முத்திரை குத்த மாட்டார். பெயர் போடத் தேவையில்லை, அட்டை எண் போதும். பெயர் போடச் சொன்னால் எல்லோரும் வம்பு எதற்கென்று ‘அருமை’ என்று கிறுக்கிவிட்டு நழுவிவிடுவார்கள் என்பது அவருடைய கட்சி.

சீருடைத் தையல்கூடத்தில் காலர் தைக்கும் அவள், கணவர் போய்ச் சேர்ந்து ஏழு வாரம் கழித்து, மதிய இடைவேளையில் அந்த மஞ்சள் அட்டைப் புத்தகத்தோடு அங்கே வந்தாள். அவள் வருவது அதுதான் முதல் தடவை. எப்போதும் வந்தது, லிஃப்ட் பழுது பார்க்கும் அவர்தான்.

நூலகர் அட்டையைப் பார்த்தார். “நானூத்திப் பன்னண்டு! எங்கேம்மா ஆளையே காணோம்? லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டாரா?”

“அவர் இல்லைங்க.”

சொன்ன விதத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. முத்திரைக் கட்டை கையிலேயே நின்றது. “வெச்சுட்டுப் போங்கம்மா. நீங்க எழுத வேண்டாம்.”

அவள் போகவில்லை. பின்னட்டையைத் திறந்தாள். இத்தனை மாதம் வீட்டில் கிடந்த புத்தகம்தான். ஆனால் வாசிப்பது அவர், கேட்பது அவள் என்று இருந்ததால் அந்தப் பக்கம் அவள் கண்ணில் பட்டதே இல்லை.

மனதில் நல்லதையே நினைத்தால் நல்லதே நடக்கும் என்று இருநூறு பக்கத்துக்குச் சொல்லும் புத்தகம் அது. அதைப் பற்றி ஒட்டுத்தாளில் ஒரு பெரிய ரகளையே நடந்திருந்தது.

‘என் வாழ்க்கையையே மாற்றிய நூல். மூன்று முறை படித்தேன்’ என்று 31 எழுதியிருந்தார். அதன் கீழே 206: ‘முதல் முறையே மாறியிருந்தால் அடுத்த இரண்டு முறை எதற்கு?’ தேர்வுக்கு முன் படித்த 118, விடைத்தாளைத் திருத்தியவர் இதைப் படிக்கவில்லை போலும் என்று வருத்தப்பட்டிருந்தார். 87 என்பவர் மட்டும் ஒவ்வொருவரையும் பிடித்துத் திருத்தப் பார்த்தார்: ‘குறை சொல்பவர்கள் நாற்பத்திரண்டாம் பக்கத்தை மறுபடி படிக்கவும்.’

அதற்குக் கீழே அவருடைய கையெழுத்து. பழுது பார்த்த பதிவேட்டில் நின்றபடியே எழுதிப் பழகிய, வலப்பக்கம் சரியும் எழுத்து.

‘412: பத்துப் பக்கத்தில் நல்ல தூக்கம் வந்தது. ஆஸ்பத்திரி மாத்திரையைவிட மேல்.’

‘87: கேலி வேண்டாம், 412 அவர்களே.’

‘412: கேலி இல்லை, 87 அவர்களே. அந்த மாத்திரை நிஜமாகவே மோசம்.’

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு வாரத்தில் முதல் சிரிப்பு. அது அடங்குவதற்குள் கடைசி வரிக்கு வந்துவிட்டாள்.

‘412: இதில் உள்ள எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் வீட்டில் அவள் நம்புகிறாள். நான் வாசித்தால் அவள் முகம் தெளிகிறது. அதனால் மறுபடியும் நீட்டிக்கிறேன்.’

அவளும் அந்தப் புத்தகத்தை நம்பவே இல்லை.

நோய் கண்ட முதல் மாதமே ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் அவளைத் தனியாக நிறுத்தி, அவர் பிழைக்க மாட்டார் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லியாகிவிட்டது. புத்தகத்தைச் சொன்னது அக்கா. ‘படிக்கட்டும்டி, தைரியமா இருப்பார்’ என்றாள். தினமும் சாயங்காலம் அவர் வாசிக்கும்போது, பாவம், இதைப் பிடித்துக்கொண்டுதானே மனுஷன் நிற்கிறார் என்று அவள் முகத்தை மலர்த்தி வைத்துக்கொண்டாள். கன்னம் வலிக்கிற அளவுக்கு.

நாற்பத்திரண்டாம் பக்கம் அவளுக்கு மனப்பாடம். கெட்டதை வாயால் சொன்னால் அதற்கு நாமே கதவைத் திறக்கிறோம், வீட்டில் யாராவது அப்படிப் பேசத் தொடங்கினால் அன்போடு நிறுத்திவிடுங்கள் என்று அதில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் அவர், “ஏய், ஒண்ணு சொல்லணும். நான் இல்லாம போயிட்டா…” என்று ஆரம்பித்தார். அவள் பாய்ந்து போய் அவர் வாயைப் பொத்தினாள். “நாப்பத்திரண்டாம் பக்கம்!”

“சரி தாயே” என்று உள்ளங்கைக்குள்ளேயே சிரித்தார். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. இருபத்து மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

என்ன சொல்ல வந்தார்? தையல் இயந்திரத்தில் ஊசி ஓடும்போதெல்லாம் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். எத்தனையோ காலரைக் கோணலாகத் தைத்துப் பிரித்துவிட்டாள்.

“எண்பத்தேழு யாருங்க?” என்று கேட்டாள்.

எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஆளைச் சொல்வதில்லை என்பதும் நூலகரின் வழக்கம். அவர் சொல்லவில்லை. ஆனால் அவர் பார்வை செய்தித்தாள் மேசைக்குப் போய்த் திரும்பியது. அங்கே எதிர்க்கடை வாட்ச் ரிப்பேர்க்காரர், நெற்றியில் ஏற்றிவிட்ட பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார்.

புத்தகத்தைப் பார்த்ததுமே அவர் எழுந்துவிட்டார். “நீங்க… லிஃப்ட்காரர் வீட்டம்மாவா?”

“இதுல அவரோட சண்டை போட்டது நீங்கதானே?”

“எழுத்துலதாம்மா சண்டை. நேர்ல ரெண்டு பேரும் சேர்ந்துதான் டீக்குப் போவோம். என் பொண்ணு படுத்த படுக்கையா கெடந்து எழுந்து வந்தா. இந்தப் புத்தகந்தான் காரணம்னு நான் நம்பறேன். அவர், ‘அப்ப டாக்டர் சும்மா வேடிக்கை பார்க்க வந்தாரா சார்’ம்பார்.” சிரிக்க ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “எப்பம்மா?”

சொன்னாள். சொல்லிவிட்டு, எதிர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “எங்கிட்ட ஏதோ சொல்ல வந்தாருங்க. நான் விடல. உங்ககிட்டயாவது சொன்னாரா?”

வாட்ச்காரர் மேசைமேல் இருந்த நாளிதழை நாலாக மடித்தார். மறுபடி பிரித்தார்.

“ஆரம்பிச்சாரும்மா. கடைசியா வந்த அன்னைக்கு. ‘வீட்டுல பேச முடியல சார், உங்ககிட்ட சொல்லி வெக்கறேன், நேரம் வந்தா அவகிட்ட சொல்லிடுங்க’ன்னார்.”

“என்ன சொன்னார்?”

“‘லிஃப்ட்டுல ஆள் மாட்டிக்கிட்டா, கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி மேலேர்ந்து நாங்க முதல்ல என்ன சொல்லுவோம் தெரியுமா சார்? அவளுக்கும் அதைத்தான்…’னார்.”

“ம்… அப்புறம்?”

“நான் கையைக் காட்டிட்டேம்மா. ‘வேண்டாம் சார், நாப்பத்திரண்டாம் பக்கம்’னேன்.” பூதக்கண்ணாடியை நெற்றியிலிருந்து கழற்றினார். “நல்லதுன்னு நினைச்சுத்தாம்மா. சத்தியமா நல்லதுன்னு நினைச்சுத்தான். ‘நீங்களுமா சார்’னு சிரிச்சார். டீயைக் குடிச்சுட்டுப் போயிட்டார்.”

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவரைக் கோபித்தால் தன்னை என்ன செய்வது? நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பத்தொன்பது வருஷம் குடித்தனம். கிரீஸ் கையோடு வந்து நின்றால் சோப்பை எடுத்துக் கொடுப்பாள். எந்தக் கட்டடம், எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று கேட்டிருக்கிறாள். மாட்டிக்கொண்டவர்களிடம் முதலில் என்ன சொல்வீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவரோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்தான். ஆனால் அது அவர்கள் சொல்வது. ‘அவளுக்கும் அதைத்தான்’ என்பதற்கு அப்பால் அவர் என்ன வைத்திருந்தார் என்பது அவர்களிடம் இருக்காது.

தையல்கூடத்தில் இடைவேளை முடிந்திருக்கும். அவள் எழவில்லை.

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

“அவ்வளவுதாம்மா சொன்னார்.”

“அந்த அவ்வளவையே சொல்லுங்க. அவர் சொன்ன மாதிரியே.”

வாட்ச்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து மெதுவாகச் சொன்னார். இந்தத் தடவை யாரும் குறுக்கே கை காட்டவில்லை. ஆனாலும் பேச்சு ‘அவளுக்கும் அதைத்தான்’ என்ற அதே இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது.