வண்டு இருக்கும் ஊர்கள்

எங்கள் பள்ளத்தாக்கில் இறந்தவர்களுக்கு மூன்று வருஷம் நவம்பரில் படையல் மேசை போடுவோம், கண்ணுகளா. முதல் தேதி உச்சிவேளையில் ஆவி வரும், ஈயாகவோ வண்டாகவோ. மறுநாள் உச்சியில் அனுப்பி வைக்க வேண்டும். மேசைப் பண்டத்தை வீட்டார் தின்னக்கூடாது. வெளியார் யாராவது வந்து ஜெபம் சொல்லி, அதற்குக் கூலியாக ரொட்டியை வாங்கிப் போனால்தான் ஆவிக்கு வழி திறக்கும்.

என் வீட்டுக்காரர் கசிமிரோவுக்கு அது மூன்றாவது நவம்பர், கடைசி. ஊரில் ஜெபம் சொல்ல ஆள் இல்லை. மிச்சமிருந்த இலாரியோன் குடும்பமும் குளிர்காலத்திலேயே கதவைப் பூட்டிக்கொண்டு கடலோரத்து அரிகா பட்டணத்துக்கு இறங்கிவிட்டது. ஆனாலும் ஆவி ஏறிப்போக ஏணி, ஒரு குழந்தை, சுமை தூக்கும் லாமா மிருகம் என்று உருவம் உருவமாக ரொட்டி சுட்டேன். அவர் தண்ணீர் சுமக்க வெங்காயத்தாள், ஊன்றி நடக்கக் கரும்பு, அவர் கோப்பை, என் கோப்பை எல்லாம் வைத்தேன்.

முதல் தேதி உச்சி நெருங்கும்போது மேட்டிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள், தோளில் வலையோடு.

“மீன் பிடிக்கவா வந்த? கடல் அந்தப் பக்கம், பொண்ணே.”

சிரித்தாள். பெயர் மைதே. உடம்பு கறுத்து, பின்புறம் மட்டும் வெளுத்த பெரிய காட்டுத்தேனீ இந்தப் பாலையில் எந்தெந்த ஊரில் இன்னும் இருக்கிறது என்று தேடுகிறாளாம். நாங்கள் கருவண்டு என்போமே, அது.

“இந்தப் பள்ளத்தாக்குல இல்லன்னுதான் எழுதப் போறேம்மா. பூவே இல்லியே.”

“தண்ணி பாய்ச்ச ஆளு இல்ல. பூ எங்கேர்ந்து வரும்?”

பேசிக்கொண்டிருக்கும்போதே ரீங்காரம் கேட்டது. கருவண்டு ஒன்று கரும்பின் வெட்டுவாயில் வந்து உட்கார்ந்தது. மைதே மூச்சை அடக்கிக்கொண்டு வலையை உயர்த்தினாள்.

“வேணாம் தாயி. அது என் வீட்டுக்காரரு. ரெண்டு வருஷமா வராத மனுஷன். சாப்பிடட்டும்.”

அவள் என்னைப் பார்த்தாள், வண்டைப் பார்த்தாள். வலையை இறக்கிவிட்டுப் போனில் படம் மட்டும் எடுத்தாள்.

“ஒனக்கு வேண்டியது கெடைச்சுது. எனக்கும் ஒண்ணு செய்யணும். நாளைக்கு உச்சி வரைக்கும் இருந்து ஒரு ஜெபம் சொல்லிட்டுப் போ.”

“எனக்கு ஒரு ஜெபமும் தெரியாதும்மா. சர்ச்சுப் பக்கமே போனதில்ல.”

“மனப்பாடமா வேற என்ன தெரியும்?”

“வண்டு இருக்கிற ஊருங்கதான்.”

“அதையே சொல்லு. உயிரோட இருந்தப்பவும் அந்த ஆளு ஊர்சுத்திதான். வழி தெரிஞ்சா போதும்.”

மறுநாள் உச்சியில் தொப்பியைக் கழற்றிவிட்டு மேசைமுன் நின்றாள். புத்ரே, சொகொரோமா, பெலேன், தின்யாமர், கோத்பா... ஒவ்வொரு பெயருக்கும் நான் மண்ணில் சோளக்கள்ளைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். அவள் நிறுத்தினாள்.

“எங்க ஊர விட்டுட்டியே.”

“சில்யாயா,” என்றாள் மெதுவாக, தப்பாகச் சொல்லிவிடக்கூடாது என்பதுபோல.

பையை நிறைத்துக் கொடுத்தேன். ஏணி ரொட்டி அதில் நுழையவில்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டே மேடேறிப் போனாள். கரும்பை மட்டும் வண்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுப்போயிருந்தாள்.

இரண்டு கோப்பைகளையும் கழுவினேன். இனி அவருக்கு மேசை கிடையாது. காத்திருக்க எனக்கு நவம்பரும் கிடையாது.

அடுத்த நாள் கரும்பின் நுனியைப் புதிதாக நறுக்கிச் சுவரில் சாய்த்து வைத்தேன். அது மேசை இல்லை, கண்ணுகளா. வண்டுக்கு வைத்தது. உச்சி தாண்டும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.