மாமாவின் எடைக்கு முறுக்கிய ஸ்பிரிங்

அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்காலி தூக்கிய தூக்கில் மாமா நாலடி தள்ளாடி ஓடி, எதிர்ச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். "என்ன மாப்ளே, என்னை நிலாவுக்கு அனுப்பப் பாக்கறீங்களா?" என்று சிரித்தார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. ஸ்பேனரோடு நாற்காலிக்கு அடியில் தலையை விட்டு, நட்டைக் கொஞ்சம் தளர்த்தினான். இதே வேலையை எத்தனை தடவை செய்துவிட்டான் என்று அவனுக்கே நினைவில்லை.

அவனே செய்த நாற்காலி. முட்டி போனவர்களும் இடுப்பு போனவர்களும் பிறர் கையை எதிர்பார்க்காமல் எழுந்திருப்பதற்கான நாற்காலிகளை வடிவமைப்பதுதான் அவன் பிழைப்பு. உட்காரும் பலகைக்குக் கீழே இரண்டு பெரிய ஸ்பிரிங். ஆள் உட்கார்ந்தால் அவை அமுங்கும், ஒரு கொக்கி விழுந்து பலகையைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்துக் கைப்பிடியை இழுத்தால் கொக்கி விலகும், ஸ்பிரிங் ஆளை மெல்ல நிமிர்த்தி நிறுத்தும். மெல்ல என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆளின் எடைக்குத் தக்கபடி ஸ்பிரிங்கை முறுக்க வேண்டும். முறுக்கு குறைந்தால் ஆள் எழ முடியாது, கூடினால் பறப்பார்.

மாமாவின் எடையோ ஊரறிந்தது. டேங்கர் லாரி ஓட்டிய மனிதர், ஆளைப் பார்த்தவர்கள் வண்டியின் பெயரையே அவருக்கும் வைத்துவிட்டார்கள். அத்தை ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து அங்கேயே போய்ச் சேர்ந்த பிறகு, மகள் ஒற்றைக்காலில் நின்று அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். முட்டிவலிக்காரர். காலையும் மாலையும் மகள்தான் அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்துவாள், பிறகு அரைமணி நேரம் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் இந்த நாற்காலி வந்தது.

வீட்டில் மூன்று வயதில் ஒரு வால் வேறு இருந்தது. அது நாற்காலியில் ஏறிக் கைப்பிடியை இழுத்தால் என்ன ஆவது? அதனால் இன்னொரு கொக்கியும் வைத்தான். பலகை மேல் போதிய பாரம் இல்லாவிட்டால் கைப்பிடி அசையவே அசையாது. அம்மா மடியில் உட்கார்ந்துகொண்டு பாப்பா இழுத்தாலும் திறக்கக் கூடாது என்று, இரண்டு பேர் எடையையும் சேர்த்து அந்தப் பாரத்தை வைத்தான். டேங்கருக்கு அதெல்லாம் தூசு.

நாற்காலி துள்ள ஆரம்பித்ததும் அவன் வேகத்தைக் குறைக்கிற எண்ணெய்க் குழாயைச் சந்தேகப்பட்டான், எண்ணெயை மாற்றினான். குளிரைச் சந்தேகப்பட்டான். ஸ்பிரிங் விற்றவனைப் போனில் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினான். ஸ்பிரிங்கோடு குடித்தனம் நடத்துகிறவன் அவன். நாளாக ஆக ஸ்பிரிங் தளரும், ஒருபோதும் பலம் கூடாது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். தெரிந்து என்ன பிரயோஜனம்? நாற்காலிக்கு அடியில் பார்த்தான், பக்கத்தில் பார்த்தான், மேலே உட்கார்ந்திருந்த ஆளை மட்டும் பார்க்கவில்லை. இவனையெல்லாம் என்ன சொல்லித் திட்டுவது?

அடுத்த வாரம் கம்பெனியில் ஒரு புது நாற்காலிக்குச் சோதனை நடந்தது. ஆளுக்குப் பதிலாக மணல் மூட்டையைக் கட்டிக் கைப்பிடியை இழுப்பார்கள். மூட்டை எகிறிப் போய் மேசையில் மோதியது.

"ஸ்பிரிங் சரியில்ல, திருப்பி அனுப்பிடுங்க" என்றான்.

சோதனைப் பிரிவில் இருந்த அக்கா மூட்டையைத் தூக்கிப் பார்த்தாள். "பாவம், ஸ்பிரிங் மேல பழி போடாதீங்க. மூட்டை ஒழுகியிருக்கு. பாதி மணல் கீழ கிடக்குது பாருங்க."

அவன் தரையைப் பார்த்தான். வழி நெடுகச் சிந்திக் கிடந்த மணலைப் பார்த்தபோது, வீட்டு நாற்காலியில் தளர்த்தித் தளர்த்தி வந்த நட்டு நினைவுக்கு வந்தது. சாப்பாட்டுப் பையைக்கூட எடுக்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினான். வழியெல்லாம் பயம், பயத்துக்கு மேல் வெட்கம்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "நல்லவேளை வந்தீங்க மாப்ளே. காலையிலேர்ந்து இந்தக் கைப்பிடி அசைய மாட்டேங்குது. பாத்ரூம் போகணும், இப்படியே உக்காந்திருக்கேன்."

அவன் அன்றுதான் அவரைப் பார்த்தான். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது. கைக்கடிகாரம் முழங்கை வரை ஏறியிருந்தது. சட்டைக்குள் இன்னொரு சட்டை, அதற்குள் இன்னொன்று.

"எவ்வளவு நாளா மாமா?"

அவர் முதலில் எதைக் கேட்கிறான் என்று தெரியாத மாதிரி இருந்தார். பிறகு, "தொண்டையில இறங்க மாட்டேங்குது. பாப்பாவுக்கு ஊட்டற சாக்குல தட்டைக் காலி பண்ணிடுவேன்" என்றார்.

"வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?"

"சொன்னா உடனே ஆஸ்பத்திரி. அவ அம்மாவுக்காக அந்த வராண்டாவுல படுத்துக் கிடந்தவ. இப்பதான் வாய்விட்டுச் சிரிக்கறா." கொஞ்ச நேரம் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். "உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். நான் இளைக்க இளைக்க, நீங்க ஒரு வார்த்தை பேசாம அந்த நட்டைத் தளர்த்திக் குடுத்தீங்க. மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும்னு மனசுக்குள்ள கும்பிட்டேன்."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது. "தெரியாது மாமா" என்றான். "சத்தியமா எனக்குத் தெரியாது."

மாமா அவனையே பார்த்தார். "சரி விடுங்க. இது ஏன் திறக்கலை?"

"அவளும் பாப்பாவும் சேர்ந்து உக்காந்தாத் திறக்கக் கூடாதுன்னு வெச்சேன். நீங்க இப்ப அதுக்கும் கீழ வந்துட்டீங்க."

"அட" என்றார் மாமா. சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. "அதையும் ஒரு திருகு இறக்கி விட்டுருங்க. அவ வர்ற நேரம். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

அவன் ஸ்பேனரை எடுத்து மண்டியிட்டான். ஒரு திருகு போதும், மாமா எழுந்துவிடுவார், சாயங்காலம் வழக்கம்போலப் போகும். நட்டில் ஸ்பேனரை மாட்டியும் விட்டான். இன்னும் எத்தனை திருகு இறக்குவது? பாப்பா தனியாக உட்கார்ந்தாலே திறக்கும் வரைக்குமா?

"முடியாது மாமா" என்று ஸ்பேனரைக் கீழே வைத்தான். "என்னால முடியாது."

அதற்குள் கதவு திறந்தது. பாப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் உள்ளே வந்தாள். மண்டியிட்டிருந்த புருஷனையும் முழித்துக்கொண்டிருந்த அப்பாவையும் பார்த்தாள்.

"மறுபடியும் மக்கர் பண்ணுதா? ஊருக்கெல்லாம் நாற்காலி செய்யறாராம், வீட்டுல ஒண்ணு ஒழுங்கா இல்ல. நகருங்க, நானே தூக்கறேன்."

"வேணாம், நீ இரு" என்றார் மாமா.

"உங்க எடை எனக்குத் தெரியாதாப்பா?"

பையைத் தரையில் போட்டாள். பழைய பழக்கத்தில் காலை அகட்டி ஊன்றி, அவர் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்தாள். இடுப்பு பிடித்துக்கொள்ளாமலிருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை அடக்கினாள். டேங்கரைத் தூக்குகிற பலத்தோடு அவள் இழுத்தாள்.

இழுத்த வேகத்தில் அப்பாவோடு பின்னால் போய்ச் சுவரில் முதுகு இடித்துக்கொண்டாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்துப் பாப்பா கைதட்டியது. அவள் அவரை விடவில்லை. நெஞ்சோடு அணைத்தபடியே அவர் முதுகைத் தடவினாள். ஒரு சட்டை, இன்னொரு சட்டை, இன்னொன்று, அப்புறம் எலும்பு. இன்னொரு தடவை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தாள்.

"அப்பா" என்றாள். "மீதி எங்கப்பா?"