நிற்கத் தெரிந்த வண்டி

ஆஸ்பத்திரி வாசல் டாக்சி ஸ்டாண்டில் அவளுக்குப் 'பிரேக்கு அக்கா' என்று பெயர். ரோட்டோரப் பூனை குறுக்கே போகலாமா என்று யோசித்தாலே வண்டியை நிறுத்திவிடுவாள் என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். அவள் ஏற்றுவதெல்லாம் தையல் பிரிக்காதவர்கள், தலை சுற்றுகிறவர்கள், மடியில் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு குமட்டலோடு வருகிறவர்கள். வேறு எப்படித்தான் ஓட்டுவதாம்?

அவளுடைய பழைய டீசல் கார் ஒருநாள் நடுச் சிக்னலில் புகையைக் கக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது. செய்தி காதில் விழுந்த கையோடு அடுத்த வண்டியையும் அண்ணனே முடிவு செய்துவிட்டான். பழைய கார் வாங்கி விற்பது அவன் தொழில். மைதானம் நிறைய வண்டிகள்.

"நம்மகிட்ட ஒரு டீசல் வண்டி நிக்குது. கல்லு மாதிரி. கழுவி வெக்கச் சொல்லிட்டேன்" என்றான்.

"எனக்கு ஹைபிரிட் வேணும்ணா."

அண்ணன் சிரித்தான். தங்கை சிரிக்கவில்லை என்றதும், தடுத்து நிறுத்துவதற்காகவே ஷோரூமுக்குக் கூட வந்தான்.

விற்பனைக்காரர் இளநகையோடு, "பெட்ரோல் எஞ்சின், கூடவே மோட்டார் சார். பிரேக் போட்டா அந்த வேகம் பேட்டரிக்குப் போயிடும். நின்னா எஞ்சின் அணைஞ்சிடும்" என்று அண்ணனுக்கு விளக்கினார்.

"வாங்கப்போறது நான்" என்றாள் அவள்.

"கண்டிப்பா மேடம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அண்ணன் பக்கமே திரும்பினார். அவள் எழுந்து, நாற்காலியை இழுத்து, இருவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

"சாதா வண்டிய விட எவ்வளவு கூடன்னு பாத்தியா? அந்தக் காசு பெட்ரோல்ல திரும்பி வர்றதுக்குள்ள உனக்குத் தலை நரைச்சிடும்" என்றான் அண்ணன், அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து.

"இப்பவே நரைச்சாச்சு."

"பேட்டரி போச்சுன்னா?"

"மாத்துவேன்."

"யாரு உனக்கு இதெல்லாம் ஓதுறது?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "யாரும் ஓதல. நான் என்ன ஹைவேயிலயா பறக்குறேன்? ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன், சிக்னல்ல நிக்கிறேன், மருந்துக் கடையில நிக்கிறேன். நாள் பூரா நிக்கிற வண்டிக்கு நிக்கத் தெரிஞ்ச எஞ்சின் வேணும். ஊருக்கு ஊர் ஓட்டுறவன் வாங்கினா நஷ்டம்தான். எனக்கில்ல."

"ஏதாவது ஆச்சுன்னா என் வாசலுக்கு வராதே."

"வரல."

சொன்னதைச் செய்தாள். ஹைபிரிட் வந்தது. ஸ்டாண்டில் எல்லோரும் சுற்றி நின்று, ஓடுகிறதா நிற்கிறதா என்று பானெட்டில் காதை வைத்துக் கேட்டார்கள். பெட்ரோல் பங்க் பக்கம் அவள் தலை அபூர்வமாகத்தான் தெரிந்தது.

மழைக்காலம் முடிந்த சமயம், டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பேட்டரி. செய்தி எப்படித்தான் பறந்ததோ, சர்வீஸ் சென்டர் போய்ச் சேருவதற்குள் அண்ணன் போனில் இருந்தான்.

"சொன்னேன்ல?"

"சொன்ன. வெச்சிடு, வண்டி ஓட்டுறேன்."

மெக்கானிக் பெண் பின்சீட்டு ஓரத்தில் இருந்த மூடியைக் கழற்றினாள். பேட்டரிக்குக் காற்றுப் போகும் வழி அது. உள்ளே கம்பளித் தூசு பஞ்சாக அடைத்திருந்தது. நோயாளிகளின் சால்வையும் பையும் எப்போதும் அந்த மூலையில்தான் கிடக்கும். "மூச்சு முட்டிப்போச்சுக்கா, அவ்வளவுதான்" என்று சொல்லிச் சுத்தம் செய்து கொடுத்தாள். விளக்கு அணைந்தது. பிரேக்கு அக்கா முன்சீட்டின் முதுகில் பை மாட்டக் கொக்கி போட்டாள். பிறகு ஸ்டாண்டுக்குப் போய், யாரும் கேட்பதற்கு முன்பே, "பேட்டரி போகல. தூசு. வேற யாருக்காவது துக்கம் விசாரிக்கணுமா?" என்று உரக்கக் கேட்டாள். ஒருவன் டீ குடிக்கப் போய்விட்டான்.

அண்ணன் மட்டும் விடவில்லை. பார்க்கும் இடமெல்லாம் அதே பாட்டு.

அந்த வருடம் அண்ணிக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் அண்ணன் தன் மைதானத்திலேயே பெரிய டீசல் வண்டியைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினான். அது நின்ற இடத்திலேயே உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. சக்கர நாற்காலியில் இருந்த அண்ணி அதை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுல நான் ஏற மாட்டேன். உங்க தங்கச்சியக் கூப்பிடுங்க."

"அத்தனை வண்டி வெச்சிருக்கேன்..."

"அத்தனையும் வித்துக்குங்க. என் முதுகு என்னோடது."

அவள் வந்தாள். முன்சீட்டைப் பின்னால் சாய்த்து, தலையணை வைத்து அண்ணியை ஏற்றினாள். அண்ணன் பின்னால், மருந்துப் பையோடு. முதல் சிக்னலில் கார் சத்தமில்லாமல் நின்றது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா" என்றாள்.

பாலத்துக்குக் கீழே நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது அண்ணன் தொண்டையைக் கனைத்தான்.

"கூடக் குடுத்த காசு இன்னும் திரும்பல இல்ல?"

"பாதிகூட வரல" என்றாள் அவள். கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தாள். "முழுசா வராமலே போகட்டும். இப்ப கேட்டாலும் இதத்தான் வாங்குவேன்."

"பிடிவாதக்காரி."

"ஆமா."

வீட்டு வாசலில் அண்ணியை இறக்கிவிட்டார்கள். அண்ணன் கதவைச் சாத்திவிட்டு, கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, வேறு எங்கோ பார்த்தபடி, "அடுத்த வாரம் டாக்டர்கிட்டக் காட்டணும். வந்துடு" என்றான்.

"என்னைக்குன்னு முன்னாடியே போன் பண்ணிச் சொல்லு" என்றாள். "எல்லாப் பேஷன்ட்டும் அப்படித்தான் சொல்லி வெக்கிறாங்க."

இண்டிகேட்டரைப் போட்டு, வண்டியை எடுத்தாள். ஆஸ்பத்திரி வாசலில் கை உடைந்த ஒருவர் காத்திருந்தார்.