நாற்பத்தேழில் முடியும் எண்

நாற்பத்தேழில் முடியும் எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீடு அனுப்பப்பட்டுள்ளது என்றது திரை. அதற்குக் கீழே மூன்று நிமிடத்திலிருந்து நொடிகள் குறைந்துகொண்டிருந்தன. பெட்டிக்காரர் நாற்காலியில் சாய்ந்தபடியே, பழக்க தோஷத்தில், முன்னறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

"ஓடிபி போயிருக்கும். உங்க அண்ணன்கிட்ட கேளு."

முன்னறையில் அவர் மனைவி செருப்புப் பெட்டிகளைக் கட்டுக்கட்டாகக் கயிறு போட்டுக்கொண்டிருந்தாள். கயிறு இழுபடும் சத்தம் நிற்கவில்லை.

"காதுல விழுந்துச்சா இல்லையா?"

"நல்லாவே விழுந்துச்சு. நீங்களே கேளுங்க."

பெட்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். இந்த எட்டு மாதத்தில் ஒரு சம்பள நாளில்கூட அவள் இப்படிச் சொன்னதில்லை. அவர் குரல் கொடுப்பார், அவள் அண்ணனுக்குப் போன் போடுவாள், அங்கிருந்து வரும் எண்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்வாள், இவர் ஒற்றை விரலால் தட்டுவார். அவ்வளவுதான். அதற்குள் எத்தனையோ மனக்கசப்பு ஓடும், ஆனால் வேலை முடிந்துவிடும். அட்டைப்பெட்டிப் பட்டறையில் வேலை செய்யும் ஆறு பேரின் சம்பளமும் அந்த ஆறு எண்களில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வரியைக் கணினியே கழித்துக்கொள்ளும், வரி அலுவலகத்துக்கு அதுவே கணக்கு அனுப்பும், மீதியை அவரவர் வங்கியில் அதுவே போடும். எல்லாம் ஒரே அழுத்தில் முடிந்துவிடும் சார் என்று ஆடிட்டர் ஆபீஸ் பெண் சொன்னபோது அவரும் சந்தோஷப்பட்டார். அந்த ஒரே அழுத்து இன்னொருவன் சட்டைப்பையில் இருக்கும் என்று யார் கண்டது?

"விளையாடறதுக்கு நேரம் பாத்தியே. மணியைப் பாரு. பேங்க் நேரம் முடிஞ்சிரும்."

அவள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கதவருகே வந்து நின்றாள்.

"நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நட்டு வச்ச செல்போன் டவரா? இங்கேர்ந்து வாங்கி அங்க விடறதுக்கும், அங்கேர்ந்து வாங்கி இங்க விடறதுக்கும்? இப்பெல்லாம் நான் போன் பண்ணா அண்ணன் ஹலோகூட சொல்றதில்ல. எடுத்ததும் நாலு, ஒம்போது, ஏழுன்னு ஆரம்பிச்சிடுது. முடிஞ்சதும் வச்சிடுது. நான் எப்படி இருக்கேன்னு அது கேட்டு எட்டு மாசமாச்சு."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதீங்க. ஓடிபி மட்டும் நீங்களே கேட்டுக்கங்க."

திரையில் நேரம் முடிந்துவிட்டது.

அவர் ஆடிட்டர் ஆபீஸைக் கூப்பிட்டார். நம்பரை மாற்றித் தொலையுங்கள் என்று அவர் சொல்வது இது முதல் தடவை அல்ல.

"மாத்திரலாம் சார். பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி போகும், அத மட்டும் சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண்.

"அம்மா, அந்த நம்பர் வேண்டாம்னுதானே மாத்தச் சொல்றேன்."

"புரியுது சார். ஆனா அது போகறதுக்கு அதுவே சரின்னு சொல்லணும். சம்பளத்துக்கு ஓடிபி வாங்கறப்பவே, உள்ள நுழைஞ்ச சூட்டோட, நீக்கறதுக்கும் இன்னொண்ணு வாங்கிருங்க. ஒரே போன்ல முடிஞ்சிரும்."

உதவி எண்ணுக்கும் போன் போட்டுப் பார்த்தார். அவருடைய அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரு குரல் சொல்லிவிட்டு இசை போட்டது. அந்த இசை ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. முக்கியமானவனை இப்படித்தான் நிற்க வைப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வைத்தார்.

மச்சானும் அவரும் ஒரே பெட்டிக் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மேசையில் அட்டை வெட்டியவர்கள். தங்கையைக் கட்டிக் கொடுத்தது அதற்கப்புறம். இரண்டு பேருமாகச் சேர்ந்து இந்தப் பட்டறையை ஆரம்பித்தபோது எழுத்து, பத்திரம் எதுவும் இல்லை. யார் முதலாளி என்ற கேள்வியே வந்ததில்லை, கேட்க ஆளும் இல்லை. போன வருஷம் இந்தப் புதுக் கணினிச் சம்பள ஏற்பாட்டில் பட்டறையைப் பதிந்தபோதுதான் கணினி அதைக் கேட்டது. உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. மச்சான் அன்று சரக்கு இறக்கப் போயிருந்தான். ஒரு பேர் போடுங்க சார், இன்னொருத்தரை வேலையாள்னு காட்டிரலாம், சும்மா கணக்குக்குத்தான் என்றாள் ஆடிட்டர் ஆபீஸ் பெண். அவர் தன் பெயரைப் போட்டார். செல்பேசி எண் என்று கேட்ட இடத்தில் மச்சான் எண்ணைக் கொடுத்தார், அவனிடம்தான் நல்ல போன் இருந்தது. பெயர் இவருடையது, எண் அவனுடையது. அன்றைக்கு அது நியாயமான பங்காகத்தான் பட்டது.

மாதக் கடைசியில் மச்சானுக்கு ஒரு சம்பளச் சீட்டு வந்தது. பணியாளர் எண் ஒன்று. மீதமுள்ள விடுப்பு பன்னிரண்டு நாள். அவன் அதைப் பட்டறை நடுவில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி படித்தான். "எனக்கு லீவு குடுக்கறியா மாப்ள? பன்னெண்டு நாளா? பெரிய மனசு உனக்கு." சும்மா கணக்குக்குத்தான் என்று அவர் சொல்லியிருக்கலாம். மிஷின் சத்தத்தில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பது அவருக்கே நினைவில்லை. மறுநாள் மச்சான் வந்து, பெட்டி மூலைகளில் கம்பிப் பின் அடிக்கும் மிஷினை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். பன்னிரண்டு நாள் லீவை எடுத்துக்கிறேன் என்று போகும்போது சொன்னதுதான் கடைசி.

பசைக்காரம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். பசை காய்ந்து விரல்களில் தோல்போல உரிந்துகொண்டிருந்தது.

"மொதலாளி, நாங்க இருக்கறதா போறதா? நாளைக்குக் காலைல வீட்டுக் கடன் தவணைய பேங்க்காரன் எடுத்துப்பான். கணக்குல இல்லேன்னா அதுக்கொரு தண்டம் தனியா போடுவான்."

"வந்துரும்மா. சிஸ்டம் கொஞ்சம் மெதுவா இருக்கு."

"சிஸ்டமா?" அவள் கதவருகே நின்ற மனைவியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "முன்னெல்லாம் கவர்ல போட்டுக் குடுப்பீங்க. கவருக்கு சிக்னல் வேண்டியதில்ல. கவரு யாரோடயும் கோவிச்சுக்கறதுமில்ல."

வெளியே யாரோ சிரித்தார்கள். கவரில் கொடுக்கலாம்தான். கொடுத்தால் கணினியின் கணக்கில் இந்த மாதம் யாருக்கும் சம்பளமே இல்லை என்று ஆகும், வரி அலுவலகத்திலிருந்து அதற்கு ஒரு கேள்வி வரும், அந்தக் கேள்விக்குப் பதில் எழுத உள்ளே நுழைவதற்கும் நாற்பத்தேழில் முடியும் எண்ணுக்கு ஒரு குறியீடு போகும். அவர் நெற்றியைத் தேய்த்தார். பிறகு மறுபடி அழுத்திக் குறியீடு கேட்டுவிட்டு, போனை எடுத்து மச்சான் எண்ணைப் போட்டார். தேட வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது மணியிலேயே எடுத்தான். எண்கள் வரவில்லை. தங்கை எண் இல்லை என்று பார்த்திருப்பான். என்னவென்று கூப்பிடுவது என்பதிலேயே அவருக்குத் தடுக்கிற்று. அந்தப் பக்கம் பின் அடிக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மிதி ஒவ்வொரு தடவையும் மேலே வரும்போது லேசாக முனகும். எண்ணெய் விடு, எண்ணெய் விடு என்று இவர் வருஷக்கணக்காகச் சொல்லியிருக்கிறார். இன்னும் விடவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். நினைவு வந்து திரையைப் பார்த்தபோது நேரம் முடிந்திருந்தது.

"போச்சு" என்றார்.

"எது?"

"டைம் முடிஞ்சிருச்சு. இன்னொண்ணு வரும்."

"வாயத் தொறந்து கேட்டா என்ன, வரி போடுவானா?" என்றான் மச்சான். மிஷினை நிறுத்தினான்.

அடுத்த குறியீட்டை அவன் நிதானமாகச் சொன்னான், இரண்டிரண்டாக. பெட்டிக்காரர் தட்டினார். திரை சற்று யோசித்துவிட்டுப் பச்சையானது. பட்டறைக்குள் ஒரு போன் மணி அடித்தது, பிறகு இன்னொன்று, அப்புறம் ஒன்றன்மேல் ஒன்றாக. பசைக்காரம்மா தன் போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

போன் இன்னும் காதில்தான் இருந்தது. பதிவு செய்த எண்ணை நீக்க விரும்புகிறீர்களா என்று திரையின் ஓரத்தில் ஒரு வரி இருந்தது. உள்ளே நுழைந்த சூட்டோடு என்று அந்தப் பெண் சொன்னாள். இனி எந்த மாதமும் யாரையும் கெஞ்ச வேண்டாம். எட்டு மாத எரிச்சலும் விரலுக்கு வந்து அதை அழுத்தியது.

அந்தப் பக்கம் டிங் என்றது.

"இன்னொண்ணு வந்திருக்கே" என்றான் மச்சான். பிறகு, அன்றைக்குச் சம்பளச் சீட்டைப் படித்த அதே குரலில் படிக்க ஆரம்பித்தான். "உங்கள் எண்ணை இந்த நிறுவனத்திலிருந்து நீக்குவதற்கான குறியீடு. இதை நீங்கள் கேட்கவில்லை என்றால்..." நடுவிலேயே குரல் இறங்கிவிட்டது. "...யாரிடமும் பகிர வேண்டாம்."

மனைவி கதவருகிலேயே நின்றாள். அறுந்த கயிற்றுத் துண்டை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"சொல்லவா மாப்ள?"

பெட்டிக்காரர் வாயைத் திறந்தார். எதிரே மனைவியின் முகம் இருந்தது. விரல் விசைப்பலகையின்மேல் தொடாமல் நின்றது. அந்தப் பக்கம் மிஷினும் ஓடவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. யாரும் போனை வைக்கவில்லை. திரையில் நொடிகள் இறங்கிக்கொண்டே போய் முடிந்தன. காலியான ஆறு கட்டங்களுக்குக் கீழே, அதுவரை மங்கிக் கிடந்த 'மீண்டும் அனுப்பு' என்ற சொற்கள் மெல்ல நீலமாயின.